ஐந்து என்னும் எண் எவருடையது?

2025 செப்டம்பரில் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை வெளியானது. கேரளத்தின் சிசு இறப்பு விகிதம் ஆயிரம் பிறப்புகளுக்கு 5. இந்திய சராசரி 25. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விகிதம் 5.6. அன்று முதல் 'அமெரிக்காவை வென்ற கேரளம்' என்னும் தொடர் மேடைகளிலும் செய்தித்தாள்களிலும் முகநூல் சுவர்களிலும் ஓய்வின்றி ஒலித்து வருகிறது. இவ்வெண்ணைப் பொய்யென்று நான் கூற வரவில்லை. அது உண்மையான எண். உழைப்பால் ஈட்டப்பட்ட எண். 1970களின் தொடக்கத்தில் ஐம்பதைத் தாண்டியிருந்த ஒரு விகிதத்தை ஐந்துக்கு இறக்கியவர்கள் பெண் கல்விக்காகவும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்காகவும் பொது விநியோகத்துக்காகவும் தலைமுறைகளாகப் பாடுபட்டவர்கள். அவர்களை வணங்குவதில் எனக்குத் தயக்கமில்லை.

என் வழக்கு வேறு. அந்த எண் ஒரு கேள்விக்கு விடையாக இருக்கும்வரை அது அறிவியல். கேள்வி கேட்பவரின் வாயை அடைக்கப் பயன்படும்போது அது அரசியல். அட்டப்பாடியிலோ இடமலைக்குடியிலோ எங்கள் சாந்தன்பாறை ஏலக்காடுகளிலோ ஒரு குழந்தை இறந்தது பற்றி எவரேனும் வாய்திறந்தால், 'கேரளத்தின் விகிதம் ஐந்து என்பது தெரியாதா?' என்று கேட்கிறார்கள். தெரியும். அந்த ஐந்து எவருடையது என்பதையே நான் கேட்கிறேன்.

முதலில் சராசரியின் இயல்பைப் பார்ப்போம். ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு மலைப்பகுதியில் ஆண்டுக்கு 500 குழந்தைகள் பிறக்கின்றன. அவற்றுள் 20 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாமல் இறக்கின்றன என்று கொள்வோம். அப்பகுதியின் விகிதம் 40. அதாவது இந்திய சராசரியைக் காட்டிலும் மோசம். ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பிறப்புகள் கொண்ட ஒரு மாநிலத்தின் மொத்த விகிதத்தில் இந்த இருபது இறப்புகளின் பங்கு எவ்வளவு? 0.06க்கும் குறைவு. இருபது குழந்தைகளும் இறந்தாலும் மாநிலத்தின் எண் அசையாது. இருபதும் பிழைத்தாலும் அசையாது. மாநில சராசரியை மட்டுமே தன் மதிப்பெண்ணாகக் கருதும் ஓர் அரசுக்கு இந்த இருபது உயிர்களைக் காப்பதால் கிடைக்கும் புள்ளிவிவர லாபம் ஏதுமில்லை. சிறுபான்மையினர் சராசரிக்குள் இப்படித்தான் காணாமற்போகிறார்கள். எவரும் அவர்களை வேண்டுமென்றே மறைக்க வேண்டியதில்லை. வகுத்தல் கணக்கே மறைத்துவிடுகிறது.

மேலும், மாதிரிப் பதிவுத் திட்டம் மாநில அளவிலான மதிப்பீட்டுக்கென வடிவமைக்கப்பட்டது. ஒரு வட்டாரத்துக்கோ ஒரு பழங்குடிச் சமூகத்துக்கோ அது விகிதம் தருவதில்லை. ஆகவே 'கேரளத்தில் 5' என்ற கூற்றிலிருந்து அட்டப்பாடியைப் பற்றி எந்த முடிவுக்கும் வர இயலாது. வருபவர் புள்ளியியல் அறியாதவர். அல்லது அறிந்தும் அறியாததுபோல் நடிப்பவர். ஐந்தாம் தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்திய அளவில் சிசு இறப்பு 35.2, பட்டியல் பழங்குடியினரிடையே அது 41.6. ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு நாட்டளவில் 41.9, பழங்குடியினரிடையே 50.3. இந்த இடைவெளி கேரள எல்லையில் வந்து நின்றுவிடுகிறதா? நிற்கிறது என்போர் அதை நிறுவும் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடட்டும்.

இனி அட்டப்பாடிக்கு வருவோம். பாலக்காடு மாவட்டத்தில், கோவைக்கு மேற்கே, அகளி, புதூர், சோலையூர் என்னும் மூன்று ஊராட்சிகள். இருளர், முடுகர், குறும்பர் என மூன்று பழங்குடிச் சமூகங்கள். 2013இல் அங்கே பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோதுதான் நாடு அப்பெயரைக் கேள்வியுற்றது. அவ்வாண்டு கேரளத்தின் விகிதம் 12. நாட்டின் விகிதம் 40. அப்போதும் கேரளம் முன்மாதிரி மாநிலமே. ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்தார். சிறப்புத் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. ஊர்தோறும் சமூகச் சமையற்கூடங்கள் தொடங்கப்பட்டன. குடும்பஸ்ரீ வழியே தனித்திட்டம் வந்தது. பயன் விளையவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2021 நவம்பரில் சில நாள் இடைவெளியில் மீண்டும் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. மீண்டும் அமைச்சர்கள் வந்தனர். மீண்டும் தொகுப்புகள் அறிவிக்கப்பட்டன. எட்டாண்டு இடைவெளியில் ஒரே துயரம், ஒரே சடங்கு. நோயின் வேரைத் தொடாத மருத்துவம் இப்படித்தான் திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்கே வந்து நிற்கும்.

வேர் எங்கே? அதிகாரபூர்வக் குறிப்புகளில் காரணம் என்னும் கட்டத்தில் எழுதப்படுபவை: பிறப்பு எடைக் குறைவு, குறைப்பிரசவம், மூச்சுத்திணறல், பிறவிக் குறைபாடு, புரையேறுதல். இவை யாவும் உண்மை. உலகெங்கும் பச்சிளங்குழந்தைகள் இறக்கும் காரணங்களும் ஏறத்தாழ இவையே. 2022இல் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட 49 லட்சம் குழந்தைகள் இறந்தன. அவற்றுள் ஏறத்தாழப் பாதி பிறந்து 28 நாள்களுக்குள் இறந்தவை. ஆயினும் இவை இறுதிக் காரணங்கள். இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாக ஒரு குழந்தை ஏன் பிறந்தது என்னும் கேள்வியை அந்தக் கட்டம் கேட்பதில்லை. பிறப்பு எடை என்பது பிரசவ அறையில் தீர்மானிக்கப்படுவதன்று. அது தாய் கருவுற்ற நாளிலும் அன்று. அவள் சிறுமியாக இருந்தபோது அவள் தட்டில் என்ன இருந்தது என்பதிலிருந்து தொடங்குகிறது. உயரம் குறைந்து, எடை குறைந்து, இரத்தச்சோகையோடு வளர்ந்த பெண் சிறிய குழந்தையைப் பெறுகிறாள். சிறிய குழந்தையால் உடற்சூட்டைக் காக்க முடிவதில்லை. வலுவாகப் பால் உறிஞ்ச முடிவதில்லை. தொற்றை எதிர்க்க முடிவதில்லை. பிழைத்தால், அது பெண்ணாயின், மீண்டும் அதே சுழற்சி. அட்டப்பாடியில் இதனோடு அரிவாள் செல் நோயும் சேர்கிறது. அந்நோய் உடையவளுக்கு இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்க இயலாது. ஆக, ஒரு குழந்தையின் இறப்புச் சான்றிதழை நேர்மையாக எழுதினால் காரணம் என்னும் கட்டத்தில் இருபதாண்டு வரலாற்றை எழுத வேண்டியிருக்கும்.

அவ்வரலாற்றின் பெயர் நிலம். 1951இல் அட்டப்பாடி மக்கள்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு பழங்குடியினர். இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு. கேரளமும் தமிழகமும் அனுப்பிய குடியேறிகள் நிலத்தைக் கைக்கொண்டார்கள். தமிழராகிய நாமும் அதில் பங்காளிகளே என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கேரளத்தின் பெருமைக்குரிய நிலச்சீர்திருத்தம் 1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. குத்தகையாளர் உடைமையாளர் ஆயினர். ஆனால் காட்டைத் திருத்திச் சுழற்சி முறையில் ராகியும் சாமையும் துவரையும் விளைவித்தவனிடம் குத்தகைச் சீட்டு ஏது? எழுத்தில் இல்லாத உரிமை சட்டத்தின் கண்ணில் படவில்லை. பறிபோன நிலத்தை மீட்டுத்தரும் சட்டம் 1975இல் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் வர 1986 ஆயிற்று. நடைமுறைப்படுத்த வேண்டிய வேளையில் 1999இல் வேறொரு சட்டம் வந்து, இரண்டு ஹெக்டேர் வரை கைப்பற்றி வைத்திருப்போர் வைத்துக்கொள்ளலாம் என்றது. பழங்குடியினருக்கு மாற்று நிலம் தருவோம் என்றது. பறித்தவனுக்குப் பறித்த நிலமே உறுதியானது. பறிகொடுத்தவனுக்கு வேறோரிடம் என்ற வாக்குறுதி மட்டும் கிடைத்தது.

ராகியும் சாமையும் கீரையும் தேனும் கிழங்கும் இருந்த தட்டில் பின்னர் நியாயவிலைக் கடை அரிசி வந்தது. அரிசி பசியை ஆற்றும், இரத்தத்தை ஊட்டாது. வயலை எடுத்துக்கொண்டு சமையற்கூடத்தைக் கொடுப்பதற்கு நலத்திட்டம் என்று பெயரிட்டோம். ஒரு மக்கள்கூட்டத்தின் உணவை அவர்கள் கையிலிருந்து பறித்து, பிறகு அதன் ஒரு பகுதியை நிதி ஒதுக்கீடாகத் திருப்பித் தந்து, அந்த ஒதுக்கீடும் தாமதமாகும் மாதத்தில் 'இவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை' என்று சொல்வது எவ்வளவு கொடுமை!

நான் மொழியியல் பயின்றவன். ஆதலால் இந்த விவாதத்தின் வினைச்சொற்கள் என் காதில் உறுத்துகின்றன. 'பின்தங்கிய சமூகம்' என்கிறோம். பின்தங்குதல் தன்வினை, தங்கியவன் தானே தங்கினான் என்று பொருள். பின்தள்ளப்பட்ட சமூகம் என்று சொன்னால் தள்ளியவர் யார் என்ற கேள்வி உடனே எழும். 'மரணம் நிகழ்ந்தது', 'எடை குறைந்தது', 'நிலம் கைமாறியது', 'சிகிச்சை தாமதமானது' என எழுவாயாக மனிதர் எவரும் வராத வாக்கியங்களால் அறிக்கைகள் நிரம்பியிருக்கின்றன. ஆனால் ஓரிடத்தில் மட்டும் எழுவாய் தவறாமல் வருகிறது: 'தாய் மருத்துவமனைக்கு வர மறுத்தாள்', 'அவர்கள் மதுவுக்கு அடிமையானார்கள்', 'அவர்கள் இளவயதில் மணம் செய்கிறார்கள்.' அரசு செய்யத் தவறியவை யாவும் தானே நிகழ்கின்றன. மக்கள்மீதான குற்றச்சாட்டுகள் யாவற்றுக்கும் செய்பவர் பெயர் இருக்கிறது. இலக்கணத்தில் இவ்வளவு ஒழுங்கான பாரபட்சம் தற்செயலாக வந்துவிடாது.

அக்குற்றச்சாட்டுகளையும் நேரில் எதிர்கொள்வோம். மது உண்டு. ஆனால் அட்டப்பாடியில் சாராயத்துக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள் தாய்க்குலச் சங்கத்துப் பழங்குடிப் பெண்களே. இளவயதுத் திருமணம் உண்டு. பள்ளியை நெடுந்தொலைவில் வைத்து, பயிற்றுமொழியை அந்நியமாக்கி, சிறுமியைப் பாதியில் வீட்டுக்கு அனுப்பிய பின் அவளுக்கு வேறென்ன வழியை நாம் திறந்து வைத்திருக்கிறோம்? மருத்துவமனைக்கு வருவதில்லை என்பதோ இன்று பெரும்பாலும் பழங்கதை. வருகிறார்கள். கோட்டத்தறைப் பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனைக்கு வருகிறார்கள். சிக்கலான பேறு என்றால் அங்கிருந்து மலைப்பாதை இறங்கி மண்ணார்க்காட்டுக்கும், அதற்கும் அப்பால் நூறு கிலோமீட்டருக்கும் மேலுள்ள திருச்சூர் மருத்துவக் கல்லூரிக்கும் அனுப்பப்படுகிறார்கள். வலிகொண்ட தாய்க்கு அவ்வழியில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் குழந்தையின் மூச்சிலிருந்து கழிக்கப்படுவது. கருவியும் வல்லுநரும் மலைமேல் இல்லாதிருப்பது எவருடைய மூடநம்பிக்கை?

இன்னொன்று, மொழி. இருள மொழியும் முடுக மொழியும் குறும்ப மொழியும் மலையாளத்தின் கிளைவழக்குகள் அல்ல. தமக்கென ஒலியமைப்பும் சொற்றொகையும் உடைய தென்திராவிடப் பேச்சுகள். இடுக்கி மலைகளில் முதுவர் பேசுவது தமிழுக்கு நெருங்கியது. ஆனால் மகப்பேற்று அட்டை மலையாளத்தில், அறிவுரை மலையாளத்தில், ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் அல்லது மலையாளத்தில். 'குழந்தை துவண்டு கிடக்கிறது', 'மூச்சு இழுக்கிறது', 'பால் குடிக்க மறுக்கிறது' ஆகிய மூன்று அபாயக் குறிகளையும் ஒரு தாய் தன் சொல்லால் சொல்லி, எதிரிலிருப்பவர் அதை அந்த நொடியே விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டிய நோயில், தவறாக விளங்கிக்கொள்ளப்பட்ட ஒரு வினைச்சொல் உயிரை எடுக்கும். தாய் பேசாதிருப்பதைக் கூச்சம் என்று குறிப்பேட்டில் எழுதுவோர், தாம் அவள் மொழியில் ஒரு சொல்லும் அறியாதிருப்பதை எதில் எழுதுவர்?

இது மாற்ற இயலாத விதியன்று என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி பழங்குடிகள் மிகுந்த, வறிய மாவட்டம். அங்கே அபய் பங், ராணி பங் இணையர் கிராமப் பெண்களையே தேர்ந்து, பச்சிளங்குழந்தையை வீட்டிலேயே பேணவும், மூச்சுத்திணறலையும் தொற்றையும் கண்டறிந்து முதற்சிகிச்சை தரவும் பயிற்றினர். பிறந்த ஒரு மாதத்துக்குள் நிகழும் இறப்பு 62 விழுக்காடு குறைந்ததாக அவர்களின் ஆய்வு 1999இல் லான்செட் இதழில் வெளியானது. பின்னர் ஆஷா பணியாளர்களின் வீட்டுவழிப் பராமரிப்பாக நாடெங்கும் அது ஏற்கப்பட்டது. அப்பெண்கள் அந்த ஊரின் மொழியைப் பேசினர். அந்த ஊரில் வாழ்ந்தனர். அவர்களை மக்கள் நம்பினர். நூறு கோடிகளின் தொகுப்பு அறிவிப்பு செய்யாததை இவை செய்தன.

எதிர்ச்சான்றும் உண்டு. பிரேசிலின் தேசிய சராசரி பல ஆண்டுகளாக மேம்பட்டு வந்தது. எனினும் 2023 ஜனவரியில் யானோமாமி பழங்குடியினர் நிலத்தில் சுகாதார அவசரநிலையை அறிவிக்க நேர்ந்தது. சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்கள் ஆற்றையும் காட்டையும் நஞ்சாக்க, குழந்தைகள் ஊட்டமின்மையாலும் மலேரியாவாலும் இறந்துகொண்டிருந்தன. நிலம் பறிபோனால் குழந்தை இறக்கும். அமேசானுக்கும் சைலண்ட்வேலி அடிவாரத்துக்கும் இது பொது.

இனி என் ஊர். சாந்தன்பாறையிலும் பூப்பாறையிலும் ராஜகுமாரியிலும் ஏலத்துக்குக் களையெடுக்கவும் காய் பறிக்கவும் நாள்தோறும் விடியுமுன் போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்து மலையேறி வருபவர்கள் தமிழ்ப் பெண்கள். சூல்கொண்ட பெண்களும் அந்த ஜீப்பில் வருகிறார்கள். வராவிட்டால் கூலி இல்லை. இன்று ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப்பிரதேசத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் தோட்டத்துக் கொட்டகைகளில் கைக்குழந்தைகளோடு தங்குகின்றன. பூச்சிமருந்து அடிக்கும் தோட்டத்தின் ஓரத்திலேயே தொட்டில் கட்டப்படுகிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பிள்ளைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது; ஆனால் அச்சட்டப்படி ஐந்து ஹெக்டேரும் பதினைந்து தொழிலாளரும் இருந்தால்தான் அது தோட்டமாகக் கருதப்பட்டது, ஐம்பது பெண்களோ இருபது குழந்தைகளோ இருந்தால்தான் காப்பகம் கட்டாயமாயிற்று. ஏலமலையின் பெருவாரியான தோட்டங்கள் சிறு உடைமைகள். சட்டத்தின் கண்ணில் அவை தோட்டமே அல்ல. அங்கு வேலைசெய்பவள் தோட்டத் தொழிலாளியும் அல்ல. அவள் குழந்தை காப்பகத்துக்குரியதும் அல்ல.

அந்தக் குழந்தை இறந்தால் எங்கே எண்ணப்படும்? பிறப்பு இறப்புப் பதிவு 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி நிகழ்விடத்தில் செய்யப்படுகிறது. பேறுகாலத்துக்குத் தாய்வீடு இறங்கிப்போனவளின் குழந்தை தேனி மாவட்டத்தின் கணக்கு. ஜார்க்கண்டுக்குத் திரும்பிப்போனவளின் குழந்தை ஜார்க்கண்டின் கணக்கு. அவள் முதுகு வளைந்தது இங்கே; அவள் இரத்தம் வற்றியது இங்கே; ஏலத்தின் விலை கிடைத்தது இங்கே. இழப்பு மட்டும் வேறு மாநிலத்தின் ஏட்டில். கேரளத்தின் ஐந்து இவ்வாறும் தூய்மையாகவே காக்கப்படுகிறது. தமிழ்நாடும் இதில் தலைநிமிர முடியாது. 2020இல் 13 என்ற தன் எண்ணைக் காட்டி அது பெருமைப்படுகிறது. எல்லை தாண்டி உழைக்கும் தன் பெண்களுக்கு எல்லைக்கு அப்பால் என்ன பேறுகாலப் பாதுகாப்பு என்று எந்த ஆட்சியும் கேட்டதில்லை.

இன்னும் வடக்கே, மூணாறுக்கு அப்பால் இடமலைக்குடி. 2010இல் உருவான, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. முதுவர் குடிகளிலிருந்து நோயாளியை மஞ்சலில் கட்டிக் காட்டுவழியே சுமந்து வரும் படங்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம், பகிர்கிறோம், மறக்கிறோம். 2025 நவம்பர் 1 அன்று அதிதீவிர வறுமை ஒழிந்த மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டது. மஞ்சலில் கட்டிச் சுமக்கப்படுபவருக்கு அந்த அறிவிப்பை எவரேனும் அவர் மொழியில் படித்துக் காட்டினார்களா?

எனவே என் கோரிக்கைகள் எளியவை. ஒன்று: வட்டாரவாரியாகவும் சமூகவாரியாகவும் பிறப்பு, பிறப்பு எடை, சிசு இறப்பு ஆகியவற்றை ஆண்டுதோறும் வெளியிடுக. சிறிய எண்கள் ஏற்ற இறக்கம் உடையவை என்பது உண்மையே. ஐந்தாண்டுத் தொகுப்பாக வெளியிட்டால் அந்தச் சிக்கல் தீரும். இரண்டு: ஒவ்வோர் இறப்பிலும் மருத்துவக் காரணத்தோடு தாயின் உணவு, நிலம், பயண நேரம், மொழி ஆகியவற்றையும் விசாரித்துப் பதிக. மூன்று: கோட்டத்தறையில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் மகப்பேற்று வல்லுநர்களும் எந்நேரமும் இருக்கச் செய்க. நான்கு: அந்தந்தச் சமூகத்துப் பெண்களையே நிரந்தர ஊதியத்தில் சுகாதாரப் பணியாளராக அமர்த்துக; மதிப்பூதியம் என்ற பெயரில் அவர்கள் உழைப்பைச் சுரண்டாதிருக்க. ஐந்து: ஏலமலையில் உடைமையின் பரப்பைப் பாராமல், ஊராட்சி அளவில் பொதுப் பிள்ளைக் காப்பகங்களை நிறுவுக; செலவை ஏல வணிகத்தின் மீதான தீர்வையிலிருந்து பெறுக. எல்லை தாண்டிவரும் தாய்மாருக்கு இரு மாநிலங்களும் ஏற்கும் ஒரே மகப்பேற்று அட்டை தருக. ஆறு: நிலத்தைத் திருப்பித் தருக. முதல் ஐந்தும் காலத்தை ஈட்டித் தரும். ஆறாவது மட்டுமே சுழற்சியை உடைக்கும்.

இதைப் படிக்கும் கேரள நண்பர்கள் சிலர் நான் மாநிலத்தை இழிவுபடுத்துவதாகக் கருதலாம். மாறாக, கேரளம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை நான் முழுமையாக நம்புகிறேன், அதனால்தான் கேட்கிறேன். ஆயிரத்துக்கு ஐந்து சாத்தியம் என்று இந்த மண் நிறுவிவிட்டது. சாத்தியமே இல்லாத இடத்தில் ஒரு குழந்தை இறந்தால் அது துயரம். சாத்தியமென நிறுவப்பட்ட மாநிலத்தில், பேருந்து செல்லும் தொலைவில், அது மறுக்கப்பட்டு ஒரு குழந்தை இறந்தால் அது அநீதி. ஐந்து என்னும் எண் அட்டப்பாடிக்கும் இடமலைக்குடிக்கும் எங்கள் ஏலக்காட்டுக் கொட்டகைக்கும் உரியதாகும் நாளில் அமெரிக்காவை வென்றதாக அறிவியுங்கள். அதுவரை அது உங்கள் எண். எங்கள் எண் அன்று.